கை நனைக்கச் சொன்ன லைன்மேன்

நான் இப்போது சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, பேரையூர் துணை மின்நிலையத்தின் மேல் ஆணையாக உறுதி கூறுகிறேன். காசிமாயனை அறியாதவர்கள் நம்ப வழியில்லை. அறிந்தவர்களும் நம்ப மாட்டீர்கள். சொல்பவன் நான் அல்லவா.

போன செவ்வாய்க்கிழமை செய்தி வந்தபோது எனக்கு ஒரு கன்னத்தில்தான் சவரம் முடிந்திருந்தது. “மாமா போயிட்டாரு. சாப்புட்டு உக்காந்தவரு எந்திரிக்கல” என்றார் காசிமாயனின் மருமகன். மறு கன்னத்தை அப்படியே சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். பேரையூரில் அன்று கூடிய கூட்டத்தைக் கண்டு சித்திரைத் திருவிழா கூச்சப்பட்டு ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

முப்பது சொச்சம் ஆண்டுகள் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர் காசிமாயன். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறு காலைகளில் தன் தோட்டத்துப் பம்புசெட் அறையில் பத்துப் பதினைந்து பேருக்குக் கண்மூடி உட்காரக் கற்றுக்கொடுத்தார். காவி கிடையாது, பீடம் கிடையாது, காலில் விழுந்தால் கோபம் வரும். அவர் கண்ணை மூடினால் ஓடுகிற மோட்டார் தானாக நிற்கும். கம்பியில் உட்கார்ந்திருக்கும் மைனாக்கள் வரிசையைச் சரிசெய்துகொள்ளும். இரண்டையும் நானே பார்த்தேன்.

அவரிடம் போவதற்குள் நான் பதினேழு குருமார்களை முடித்திருந்தேன். ஒருவர் என் மூக்கைப் பிடிக்கச் சொன்னார், ஒருவர் முதுகெலும்பைக் கவனிக்கச் சொன்னார், ஒருவர் என் வாட்ஸப் எண்ணைக் கேட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. கண்ணை மூடிய மூன்றாம் நிமிடம் தலைக்குள் ஒரு பஞ்சாயத்து கூடிவிடும். வாதியும் நானே, சாட்சியும் நானே. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வரும். ஆனாலும் கூட்டம் கலையாது.

“எனக்கு ஞானம் வேண்டும்” என்று காசிமாயனிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அது இருக்கட்டும்ணே. எந்த வீட்ல கை நனைக்க மாட்டீங்க?”

நம் பக்கத்தில் இதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பேச்சு நின்றால் வருத்தம். ஒரு வீட்டுச் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்றால்தான் பகை.

“அப்படி ஒரு வீடும் இல்லை. நான் எல்லாம் கடந்தவன்” என்றேன்.

பின்னாலிருந்து பால் சொசைட்டிக்காரர் குரல் கொடுத்தார்: “அலங்காநல்லூர்ப் பக்கம் பஸ் போனாலே இவரு கண்ண மூடிக்கிருவாருண்ணே!”

“அப்பக் கண்ண மூட நல்லாத்தான வருது” என்றார் காசிமாயன். பம்புசெட் அறை சிரிப்பில் குலுங்கி, நாலு ஓடு சரிந்தது.

வேறு வழியின்றிச் சொன்னேன். அலங்காநல்லூரில் என் தங்கை பாண்டியம்மா வீடு. ஆறு வருடங்களுக்கு முன் அவள் மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன், பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும், உட்கார்ந்தாள். ஆனால் வாசலில் நின்ற ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளையின் சேக்காளிகள் கூலிங்கிளாஸோடு வானளாவ நிற்க, தாய்மாமன் முகம் கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. இலையிலிருந்து எழுந்து நடந்துவிட்டேன். தங்கை கரண்டியும் கையுமாகப் பஸ் நிறுத்தம் வரை ஓடி வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காசிமாயன் சிரிக்கவில்லை. “கரண்டு சப்ளை எங்கிட்டு இருந்து வருதுன்னு பாக்காம கம்பத்துல ஏறக் கூடாதுண்ணே. நீங்க பதினேழு கம்பம் ஏறி இறங்கியிருக்கீங்க. வாங்க, போவோம்.”

“எங்கே?”

“சாப்புட.”

பதினேழு பேரும் வழி சொன்னார்கள். வண்டியை எடுத்தவர் இவர் ஒருவர்தான்.

நான் ஏறியதும் அவருடைய மொபெட்டின் முன்சக்கரம் ஆகாயத்தைப் பார்த்தது. உசிலம்பட்டியில் இறங்கிக்கொள்கிறேன் என்று நாற்பது முறை கெஞ்சினேன். அவர் காதில் காற்று மட்டும் விழுந்தது.

அலங்காநல்லூரில் மாப்பிள்ளை தொழுவத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்தார். “வாங்க மச்சான்” என்று மாட்டைப் பார்த்துச் சொன்னார். தொழுவத்தின் பக்கவாட்டில் பழைய ஃப்ளெக்ஸ் ஒன்று தொங்கியது. அதில் வெளிறிப்போன என் முகம், ஒரு சுளகு அகலத்துக்கு.

“என்னண்ணே, தபால்தலைன்னீங்க?” என்றார் காசிமாயன். “இம்புட்டுப் பெருசா இருக்கு?”

மாப்பிள்ளை இன்னமும் மாட்டோடுதான் பேசினார். “சாரலுக்குக் கட்டுனது. மத்த மூஞ்சியெல்லாம் எப்பவோ கிழிச்சுப் போட்டாச்சு. இதுல மட்டும் கத்திய வைக்க விடமாட்டேன்னுட்டா உங்க தங்கச்சி.”

இலை போட்டார்கள். சோறு விழுந்தது. என் வலக்கை மடியைவிட்டு எழவில்லை. யாரோ ஆணி அடித்ததுபோல் கிடந்தது. பாண்டியம்மா குழம்புச் சட்டியோடு எதிரே நின்றாள். ஆறு வருடத்தில் கன்னம் ஒடுங்கியிருந்தது.

“ஊத்தவாண்ணே, இல்ல பஸ்ஸுக்கு நேரமாச்சா?” என்றாள்.

பக்கத்து இலையில் காசிமாயன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “சப்ளைய ஆஃப் பண்ணியாச்சுண்ணே. தைரியமாத் தொடுங்க.”

தொட்டேன்.

அடுத்த ஞாயிறுதான் எனக்குக் கண்ணை மூடி உட்காரச் சொல்லிக்கொடுத்தார். ஞானம் எப்போது வரும் என்று ஒருமுறை நச்சரித்தபோது சொன்னார்: “அத நான் தர முடியாதுண்ணே. மேல ஏறுறவன் விழாமக் கீழ நின்னு பாத்துக்கிருவேன், அம்புட்டுத்தேன்.” இமயமலையிலிருந்து இதைவிடப் பெரிதாக யாரும் எதையும் இறக்கிக்கொண்டு வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எந்த வீட்டில் கை நனைக்க மாட்டீர்கள் என்று அவர் கேட்ட கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் கண்ணை மூடுவதற்கு முன் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இன்னும் இரண்டு வீடுகள் பாக்கியிருக்கின்றன. இனி வண்டி ஓட்ட அவர் இல்லை. பஸ்ஸில்தான் போகவேண்டும், போவேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தாரே, நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மோட்டார் நின்றது மின்வெட்டால். ஓடு ஒன்றும் சரியவில்லை. குருமார்கள் மொத்தம் நாலே பேர். ஆனால் ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். தங்கை ஊற்றிய குழம்போடு அந்த முதல் கவளம் தொண்டையில் இறங்கியபோது, தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. விழுங்குகிற நேரம் மட்டும்தான். அடுத்த கவளத்தில் உப்பு பத்தவில்லை என்று சொல்லிவிட்டேன்.