மெதுவாகத் துடிக்கிற நெஞ்சு

அக்காவுக்கு என் சிறுநீரகம் பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தம், ஸ்கேன் எல்லாம் சரி. கடைசியில் என் நெஞ்சுதான் வம்பு செய்தது. ஈசிஜி எடுக்கப் படுத்திருந்தபோது இயந்திரம் கீச்சிட்டது. நாடித்துடிப்பு நாற்பதுக்கும் கீழே.

வருஷக்கணக்காக ஓடுகிறேன், அதனால்தான் என்றேன். இருக்கலாம், நெஞ்சிலேயே ஏதாவது கோளாறாகவும் இருக்கலாம் என்றார் இதய டாக்டர். ட்ரெட்மில்லில் ஓட வேண்டும், துடிப்பு ஒழுங்காக ஏற வேண்டும். ஏறாவிட்டால் தானம் செய்ய அனுமதி கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரமனை ஆற்றோரமாக நான் ஓடத் தொடங்கிய நாட்களில், எங்கள் தெருக்கோடி மேட்டைத் தாண்டுவதற்குள் மூச்சு முட்டும். மாதங்கள் போகப் போக, அதே மேட்டில் பேசிக்கொண்டே ஓட முடிந்தது. பழகிய இதயம் கொஞ்சம் பெரிதாகி, ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். சும்மா இருக்கும்போது அது அவசரப்பட வேண்டியதில்லை. கால் தசைக்குள் புதிய நுண்குழாய்கள் கிளைவிடும். இதையெல்லாம் உடம்பு என்னைக் கேட்காமலேயே செய்துகொண்டது. வியர்த்து வழிந்து வீடு திரும்பினால் அக்கா வாசலில் நின்று, "யாருடா தொரத்தறா உன்னை?" என்பாள்.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அவள் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஊசி ஏறி ஏறி அவள் கை முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயம்.

பரிசோதனை ஒரு சனிக்கிழமை வந்தது. எங்கள் தெருவில் சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். அக்காவே நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். "இன்னிக்குன்னு பார்த்து விடாதே. உடம்பு சூடு இறங்கினா தைரியமா ஓடலாம்" என்றாள். தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுப் போனேன். அவளும் கூட வந்தாள்.

பரிசோதனை அறையில் இருந்த பெண்ணுக்குப் பூர்வீகம் போனக்காடு தேயிலைத் தோட்டம். "எண்ணெ, க்ரீம் ஒண்ணும் தேச்சிட்டில்லல்லோ சாரே?" என்று தமிழும் மலையாளமும் கலந்து கேட்டாள். இல்லை என்றேன். அலசிக் குளித்துவிட்டால் அது எண்ணெய் தேய்த்த கணக்கில் வராது எங்களுக்கு. அவளும் பஞ்சால் லேசாகத் துடைத்துவிட்டு, நெஞ்சில் வட்ட வட்டமாக வில்லைகளை ஒட்டி ஒயர்களை மாட்டினாள்.

ட்ரெட்மில் பட்டை நகர்ந்தது. சாய்வு ஏறியது. துடிப்பு மட்டும் சோம்பேறித்தனமாக ஏறியது. மற்றவர்கள் இரைக்கும் வேகத்தில் நான் உலாத்திக்கொண்டிருந்தேன். டாக்டரின் நெற்றி சுருங்கியது. ஏறித் தொலையேன் என்று நெஞ்சைத் திட்டினேன். இத்தனை வருஷம் பழக்கியதே அக்காவைக் கொன்றுவிடும் போலிருந்தது.

வேகம் கூடியது. ஒருவழியாக வியர்த்தது. துடிப்பும் விறுவிறுவென்று ஏறத் தொடங்கிய நேரத்தில், திரையில் ஒரே நேர்க்கோடு. இயந்திரம் அலறியது.

"நிர்த்து! நிர்த்து!" என்று டாக்டர் கத்தினார். பட்டை நின்றது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கா எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டிருப்பது அவள் கண்ணில் படவே இல்லை.

அந்தப் பெண் என் வயிற்றருகே தொங்கிய ஒயர்களைத் தூக்கிப் பார்த்தாள். ஒட்டியவை எல்லாம் வழுக்கிக் கழன்றிருந்தன. விரலை முகர்ந்தாள். "சாரே, இது நல்லெண்ணெயாச்சே!"

வெட்கத்தில் பிராணன் போனது. அவள் ஸ்பிரிட்டால் அழுத்தித் தேய்த்து மறுபடி ஒட்டினாள். திரையில் கோடு மேலும் கீழும் துள்ளியது. டாக்டர் குனிந்து பார்த்தார். அதற்குள் துடிப்பு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. ஓட்டத்துக்குப் பழகிய நெஞ்சுதான் இவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்றார். ஆனாலும் உச்சிக்கு ஏறியதைத் தான் பார்க்கவில்லை, இன்னொரு முறை ஓட வேண்டும் என்றார்.

ஓடினேன். மூச்சு இரைக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டேன். கடைசிச் சாய்வில் தொடை எரிந்தது, தொண்டை வறண்டது. துடிப்பு அவர் கேட்ட அளவைத் தொட்டு, தாண்டியும் போனது. கோடு ஓரிடத்திலும் பிசகவில்லை.

"மதி" என்று, போதும் எனக் கையைக் காட்டினார் டாக்டர். "கொடுக்கலாம்."

வெளியே வந்ததும் அக்கா என் தோளில் ஓர் அடி வைத்தாள். "போயிட்டேன்னு நெனச்சேன்டா, பாவி" என்று அழுதாள். பிறகு புடவைத் தலைப்பால் என் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். தலைப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்தாள்.

"யார் தொரத்தறா, யார் தொரத்தறான்னு உன்னை எத்தனை தடவை கேட்டிருக்கேன்" என்றாள். "நான்தாண்டா தொரத்தியிருக்கேன்."