மடியில் வைத்த பிளக்

செய்தி வந்தபோது தேய்ப்பு மிஷினின் பிளக் என் மடியில் இருந்தது. உப்புத்தாள் மாற்றிக்கொண்டிருந்தேன். முதலாளியே ஆபீஸ் அறையிலிருந்து இறங்கி வந்தார்.

"பெண்ணாடத்துலேர்ந்து போன் வந்துச்சு கலா. விருத்தாம்பா தவறிட்டாங்களாம். நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பாதி உரிந்த தாளோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விருத்தாம்பாள் அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் எங்கள் யூனிட்டில் பலகை வேலையைப் பார்த்துக்கொண்டவர் அவர். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளை மரப்பலகையில் வைத்துத்தான் காய விடுவோம். பலகையில் சிலாம்பு இருந்தால் பொம்மையின் அடியில் கீறல் விழும். சூளையில் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். அதனால் பலகைகளைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கையால் தேய்த்துத் தேய்த்துத் தோள் போனது என்று நாங்கள் புலம்பியதில் ஒரு கரண்டு மிஷின் வந்தது. அதே வருடம் அக்காவும் வந்தார். கணவரின் தச்சுப் பட்டறையில் அந்த மிஷினைப் பிடித்துப் பழகியவர் என்று முதலாளி அழைத்து வந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதை ஏன் மறைக்க வேண்டும்? அவருக்கு முன்பே அங்கே இருந்தவள் நான். வந்த அன்றே என் கையைப் பார்த்து, "வளையல கழட்டி வச்சிடுங்க. முந்தானைய இழுத்துச் செருகுங்க" என்றார். பேர் என்ன என்றுகூட இன்னும் கேட்டிருக்கவில்லை. வீட்டில் ஒரு மாமியார் போதாதா என்று முணுமுணுத்தேன். அது அவர் காதில் விழுந்தது. சிரித்தார். ஆனால் நான் வளையலைக் கழற்றும்வரை மிஷினைத் தரவில்லை.

மிஷினைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொள்வார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சுற்று முழுதாக நின்ற பிறகுதான் கீழே வைப்பார். சாயங்காலம் தூசிப் பையைத் தட்டாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். வயரைத் தலையிலிருந்து வால்வரை விரலால் தடவி, எங்காவது தோல் பிய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். சத்தம் கொஞ்சம் மாறினாலும், "இதுக்கு உடம்பு சரியில்ல, கழட்டிப் பாக்கணும்" என்று ஓரமாக வைத்துவிடுவார்.

ஒரு நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை ஆர்டர் குவிந்து கிடந்தது. சுட்டு வந்த பொம்மைகளில் பல, அடி சமமில்லாமல் ஆடின. ஈரத்துணியும் கல்லும் வைத்துத் தேய்த்தால் நேரமாகும், மிஷினிலேயே தேய்த்துவிடுங்கள் என்றார் முதலாளி.

"மரத்துக்கு மிஷினு, மண்ணுக்கு ஈரத்துணிங்க. சுட்ட மண்ணுத் தூசி நெஞ்சுல போயி உக்காந்தா எறங்காது. ஈரத்த வச்சிக்கிட்டு கரண்டு மிஷினையும் ஓட்ட முடியாது" என்றார் அக்கா.

"அவசர ஆர்டரும்மா."

"ஆர்டரு அடுத்த வருசமும் வரும்ங்க. இவங்க நெஞ்சு வருமா?"

முதலாளி கோபமாகப் போய்விட்டார். நாங்கள் ஈரத்துணியோடு உட்கார்ந்தோம். கை வலித்தபோதெல்லாம் அக்காவைத் திட்டினோம். அவரும் எங்களோடு உட்கார்ந்துதான் தேய்த்தார்.

ஆயுத பூஜை வந்தால் இன்னொரு சண்டை. எங்கள் ஆட்கள் சந்தனத்தைக் குழைத்து மிஷின் முழுக்க அப்புவார்கள். மோட்டாருக்குக் காற்று போகும் துளைகள்தான் பொட்டு வைக்கத் தோதாக வரிசையாக இருக்கும். அக்கா ஓடி வந்து ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகச் சுரண்டுவார். "பொட்ட பிடியில வைங்கடி. அது மூச்சு விடுற எடம்" என்பார். சாமி குத்தம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர் அதற்கெல்லாம் அசையவில்லை.

ஆனால் எங்களுக்கு எரிச்சலூட்டியது அந்தப் பிளக் விவகாரம்தான். தாள் மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, மாற்றுகிறவர் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கவும் கூடாது. கரண்டு போன நேரத்திலும் அதே சட்டம். கரண்டு நினைத்தால் போய், நினைத்தால் வந்த காலம் அது. போன நேரத்தை வீணாக்காமல் தாள் மாற்றுவதும் மிஷினைத் துடைப்பதும் எங்கள் வழக்கம்.

ஒரு மத்தியானம் நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. கை வலிக்காமலிருக்க, விரலை எடுத்தாலும் ஓடும்படி மிஷினின் பொத்தானை அழுத்திப் பூட்டி வைத்திருந்தேன். மிஷினை மல்லாக்கப் போட்டுத் தாளின் விளிம்பில் நான்கு விரல்களையும் நுழைத்தேன். அக்கா அந்தப் பக்கமாக வந்தார். பிளக்கைப் பிடுங்கி என் மடியில் போட்டார்.

"கரண்டே இல்ல, எதுக்குக்கா இது?" என்று எரிந்து விழுந்தேன்.

அந்த வார்த்தை முடிவதற்குள் விளக்குகள் எரிந்தன. மின்விசிறி சுற்றியது. கரண்டு வந்த சந்தோஷத்தில் எல்லாரும் கூச்சல் போட்டார்கள். என் விரல்கள் இன்னும் தாளுக்கு அடியில்தான் இருந்தன. மிஷின் சும்மா கிடந்தது. விரல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அன்றுதான் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரரு இப்டித்தான் கரண்டு போன நேரம்னு தாளு உரிச்சாரு. புழுக்கமா இருக்குதுன்னு நான் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டிருந்தேன் கலா. பிளக்கு எங் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. எனக்குத் தோணல."

என் விரல்கள் தப்பியதைப் பார்த்த பிறகு நாங்கள் யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. கணவரைப் பற்றி அவர் சொன்னதை மட்டும், அவர் கேட்டுக்கொண்டபடி, நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளட்டும்.

பெண்ணாடத்துக்கு எல்லாரும் ஒரே பஸ்ஸில் போனோம். வாசலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவர் கணவரை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். வாய்க்கரிசி போட அவரை அழைத்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. அரிசி இடுக்கு வழியாக உதிர்ந்தது. குனிந்து அதைப் பொறுக்கியவர், "வெயில்ல கெடக்குறாளே, யாராவது விசிறுங்களேன்" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அரிசியை அள்ளினேன். ஐந்து விரல்களும் சேர்ந்து மூடின. ஒரு மணிகூடச் சிந்தவில்லை.

போய் வாருங்கள் அக்கா. வளையலைக் கழற்றிவிட்டுத்தான் வேலைக்கு உட்காருகிறேன்.