கூத்து மாஸ்டரைக் கட்டுரை வாசிக்க வைத்த சௌந்தரம் மேடம்

சௌந்தரம் மேடத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், முதலில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொள்வது என் வழக்கம். அரை மணி நேரத்துக்குக் குறைவாக அவர் பேசியதே இல்லை. அந்தப் புதன்கிழமை காலையும் அப்படித்தான். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், பையை ஓரமாக வைத்து உட்கார்ந்த பிறகே போனை எடுத்தேன்.

“சார், நான் அவங்க மருமக பேசுறேன். அத்தை காபி குடிச்சுட்டு பேப்பர் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க சார்.”

அந்த அழைப்பு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் மட்டும் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டுக்கு அன்று வந்திருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரிந்திருக்கும். தெருவில் போட்டிருந்த பந்தலில் அழுகையைவிடச் சிரிப்புச் சத்தம்தான் அதிகம் கேட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவரோடு வேலை பார்த்த பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவரைப் பற்றிக் கதை சொன்னார்கள். துக்க வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று ஒரு பெரியவர் முறைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, “எனக்கும் ஒண்ணு நடந்துச்சு” என்று தொடங்கினார்.

எனக்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு. அது எங்கள் மாநாடு நடந்த கதை.

எங்களுடையது சிறிய அறக்கட்டளை. ஞாயிற்றுக்கிழமைகளில் குகை, கல்வெட்டு, பழைய கோயில் என்று பார்க்கப் போகும் பத்துப் பதினைந்து பேர்தான் மொத்த உறுப்பினர்கள். வரலாறு கற்பிக்கிறவன் என்பதால் என்னைத் தலைவராக்கியிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த சௌந்தரம் மேடம் செயலாளர். அதாவது, எல்லா வேலையும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசலில் இருந்தோம். கூரையிலுள்ள தாமரைக் குளத்து ஓவியத்தை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, வேனில் கோயில் சுற்றுலா வந்த ஒரு கூட்டமும் எங்களோடு நின்று கேட்டது. இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் மெலிந்த உடலும் நரைத்த மீசையுமாக இருந்த ஒருவர், நான் முடித்ததும் ஓவியத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “கீரனூரு இங்கேருந்து எவ்வளவு தூரமுங்க?” என்றார்.

“எதுக்குக் கேக்குறீங்க?” என்று சௌந்தரம் மேடம் முன்னால் வந்தார்.

“எங்க பாட்டன் கீரனூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க. எந்த ஊருன்னு தெரியாது. தேயிலைத் தோட்டத்துக்கு வந்தப்போ அங்கேருந்து காமன் கூத்தைக் கொண்டு வந்தாங்களாம். மாசி மாசத்துல நாங்க இன்னும் ஆடுறோமுங்க. இங்கிட்டு யாரும் ஆடுறாங்களான்னு தெரிஞ்சுக்கணும்.”

அவர் பெயர் செல்லமுத்து. தோட்டத்தில் அவரைக் கூத்து மாஸ்டர் என்பார்கள். கீரனூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் இன்றும் காமன் கூத்து நடக்கிறது என்று மேடம் சொன்னதும் அந்த மனிதர் அங்கே போகும் வழியைக் கேட்கத் தொடங்கினார். அதற்குள் வேன் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். அடுத்த கோயிலுக்கு நேரமாகிவிட்டது. மேடம் படிக்கட்டில் அவரோடு கூடவே இறங்கிப் போய் போன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டிருந்தார்.

“சார், நாம ஒரு மாநாடு போடுவோம். கடலுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஒரே கூத்தை ஆடிக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம இருக்காங்க. நல்லாவா இருக்கு?”

நல்லாயில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் அறக்கட்டளையிடம் அப்போது சொந்தமாக ஒரு மைக் செட்கூடக் கிடையாது.

அரசு நிதியுதவிக்கு விண்ணப்பித்தோம். சென்னையில் பண்பாட்டுத் துறை அலுவலகத்துக்கு நேரில் அழைத்தார்கள். நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அலுவலர் எங்கள் கோப்பைப் புரட்டிவிட்டு, “இந்த மாநாட்டுக்கு அரசு ஏன் நிதி தரணும்?” என்று கேட்டார். பண்பாட்டுப் பரிமாற்றம், புலம்பெயர் சமூகங்களின் வாய்மொழி மரபு என்று நான் பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். நான் தொண்டையைச் செருமுவதற்குள் மேடம், “எங்ககிட்ட இல்லையே சார், அதான்” என்றார். அலுவலர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அங்கே நடந்தது நேர்காணலே இல்லை. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் கொழும்புக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்த கதையெல்லாம் சொன்னார். முன்பு இரு கரையையும் வயரால் இணைத்துவிட்டது போல, இப்போது ஆட்களை நேரில் இணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

நிதி ஒப்புதலானது. ஆனால் ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் கட்டுரை வாசிப்பவர்களுக்கு மட்டுமே பயணச் செலவு. கூத்துக் கலைஞர்களுக்குக் கிடையாது. அவர்கள் வராமல் மாநாடு எதற்கு? ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு நான் சோர்ந்து போனேன்.

“சார், கூத்து மாஸ்டர் கட்டுரை வாசிக்கக் கூடாதுன்னு இதுல எங்கயாவது போட்டிருக்கா?” என்றார் மேடம்.

“இல்லை.”

“அப்ப வாசிப்பாரு.”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வாளர்கள் வருவார்கள், ஊர் சிரிக்கும் என்றேன். எங்களுக்குள் சண்டை வந்த ஒரே தடவை அதுதான். அவர் குரலை உயர்த்தவில்லை. “நீங்க மாஸ்டர்கிட்ட ஒரு வாட்டி பேசிப் பாருங்க. அப்புறம் வேண்டாம்னா வேண்டாம்” என்று சொல்லி, தன் போனை என் முன்னால் வைத்தார்.

மறுமுனையில் மாஸ்டர் ஒரு மணி நேரம் பேசினார். தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டு முடித்த பிறகே கூத்து தொடங்க முடியும் என்பதால், ஊரில் நடந்த முறையிலிருந்து எதையெதைச் சுருக்கினார்கள், எதை மட்டும் சுருக்க மறுத்தார்கள் என்று ஒவ்வொரு கட்டமாகச் சொன்னார். நான் பாதியிலேயே பேனாவை எடுத்துவிட்டேன். மேடம் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர் போல வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் வாரா வாரம் அவர்கள் குழுவில் ஒவ்வொருவராகப் பேசுவார்கள், மேடம் பதிவு செய்வார், நான் எழுத்தாக்குவேன். காமனின் மனைவி ரதியாக வேடம் கட்டுபவர் பேசியதற்கு மேடம் தாமே தலைப்பு வைத்தார்: ‘ஒப்பாரியில் மூச்சு எங்கே விடுவது’. கட்டுரைச் சுருக்கங்களோடு, எழுதியவர் இன்ன வேடம் கட்டுபவர் என்பதையும் மறைக்காமல் துறைக்கு அனுப்பினார். துறை மறுக்கவில்லை. ஆனால் மாநாட்டுக்கு முந்தைய வாரம் அந்த அலுவலரே போனில் வந்தார். “நானே நேரில் வர்றேன். ஆய்வரங்கம் ஆய்வரங்கமா நடக்கணும் மேடம்” என்றார். மீதித் தொகை அவருடைய அறிக்கையைப் பொறுத்தது. நான் கவலையில் சரியாகச் சாப்பிடவில்லை. மேடம் மண்டபத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வத்தக்குழம்பா, மோர்க்குழம்பா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாநாட்டன்று திருக்கோகர்ணத்துக் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அலுவலரும் ஆய்வாளர்களும், பின்வரிசையில் கீரனூர்ப் பக்கத்துக் கூத்துக்காரர்களும் அவர்கள் ஊர்க்காரர்களும். “அடுத்து, கட்டுரையாளர் திரு. செல்லமுத்து” என்று நான் அழைத்தேன். புது வேட்டியில் வந்து நின்ற மாஸ்டர் முதல் இரண்டு வரிகளை வாசித்தார். அவர் சொன்னதைத்தான் நான் எழுதியிருந்தேன். ஆனால் என் எழுத்துத் தமிழ் அவர் வாயில் நுழையவில்லை. மூன்றாம் வரியில் நின்றுவிட்டார்.

முன்வரிசையிலிருந்து சௌந்தரம் மேடம், வீட்டில் பேசுகிற குரலில், “மாஸ்டர், எனக்குப் போன்ல சொன்னீங்கள்ல, அப்படியே சொல்லுங்க” என்றார்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பேசினார். பேச்சின் நடுவே காமனைச் சிவன் எரித்தாரா இல்லையா என்ற பழைய வழக்குக்கு வந்தார். காமன் கூத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு தரப்பாக நின்று பாட்டிலேயே வாதம் செய்வது உண்டு. மாஸ்டர் எரியாத கட்சி. “எரிஞ்சு போன காமன்னா எந்திரிச்சு வந்தது யாரு?” என்று பாடி நிறுத்தினார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கீரனூர்ப் பக்கத்துக் குழுவின் சின்னையா. நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரே கிடையாது. “எரியவே இல்லைன்னா ரதி எதுக்கு அழுதா?” என்று அதே மெட்டில் திருப்பிப் பாடினார்.

அதே மெட்டு. நூறு வருஷத்துக்கும் மேலாக ஒருவரையொருவர் பாராதவர்கள், கடலின் இரு கரையில் ஒரே மெட்டில் ஒரே வழக்கை நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரோ தப்புப் பறையை எடுத்து அடிக்கத் தொடங்கினார்கள். அதற்குமேல் என் நிகழ்ச்சி நிரலை யாரும் மதிக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு பாட்டு, இந்தப் பக்கம் ஒரு பாட்டு. தேநீர் ஆறிப் போனது. ஆய்வாளர்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நான் அலுவலரின் முகத்தைப் பார்க்கவே அஞ்சினேன்.

ஒரு கட்டத்தில் சின்னையா பாட்டை நிறுத்தி, “முன்னால அரசாங்கத்து அய்யா உக்காந்திருக்காரு. அவரே தீர்ப்புச் சொல்லட்டும்” என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. அலுவலர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்: “இரு தரப்பு வாதங்களும் அரசின் பரிசீலனையில் உள்ளன.”

அன்று எழுந்த சிரிப்பை மண்டபத்துக்காரர் இன்றும் சொல்கிறார். மேடம் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மாலையில் அலுவலர் அவரிடம் வந்து, “இதை நான் எப்படி மேடம் அறிக்கையா எழுதுறது?” என்று கேட்டார். “நடந்ததை அப்படியே எழுதுங்க சார். கெட்டதா ஒண்ணும் நடக்கலையே” என்றார் மேடம். அலுவலர் அப்படியே எழுதினார் என்பதை மீதித் தொகை வந்தபோது தெரிந்துகொண்டோம்.

மறுநாள் எல்லோரும் பஸ் பிடித்துக் கீரனூர்ப் பக்கத்து அந்தச் சிற்றூருக்குப் போனோம். மாசி மாதம் இல்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் பட்டப்பகலில் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டு குழுக்களும் விட்டுக்கொடுக்காததால் அன்று ஒரு காமனுக்கு இரண்டு ரதிகள். யார் ஒப்பாரி உருக்கமானது என்று போட்டி. உருக வேண்டிய இடத்தில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒப்பாரியில் மூச்சு விடுவது பற்றிக் கட்டுரை வாசித்தவர்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தார்.

கிளம்பும்போது மேடம் மாஸ்டரிடம், “பாட்டன் ஊரு எதுன்னு கடைசி வரைக்கும் தெரியலையே” என்று வருத்தப்பட்டார். “தெரியாததே நல்லதுங்க. ஒரு ஊருதான்னு இருந்திருக்கும். இப்போ இந்தப் பக்கம் பூரா எங்க ஊருதான்” என்றார் அவர். சின்னையா அவர் தோளில் கை போட்டிருந்தார்.

வரும் மாசிக்கு எங்களைத் தோட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். இறப்பதற்கு முந்தைய வாரம் மேடம் அதைப் பற்றித்தான் பேசினார். சின்னையாவின் குழுவையும் கூட்டிப் போக வேண்டும், பயணத்துக்குத் துறையில் கேட்போம் என்றார். ஒரு தடவை கொடுத்தவர்கள் உடனே மறுபடி கொடுக்க மாட்டார்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னது: “இல்லைங்கறது அவங்க சொல்ல வேண்டிய வார்த்தை சார். அதை நாமளே எதுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கணும்?”

அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்து வைத்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பை, சாப்பாட்டு அக்கறையை, முடியவே முடியாத போன் பேச்சை. நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு வாக்கியத்தை. ஓர் அலுவலகத்தில் எதையாவது கேட்க வேண்டுமென்றால் கடிதம் எழுதி, அதையும் வேறொருவரிடம் கொடுத்து அனுப்புகிறவன் நான். மேடத்தின் காரியம் முடிந்த மறு வாரம், முதன்முறையாக நானே துறைக்குப் போன் செய்தேன்.

அலுவலர் என் பெயரைக் கேட்டதும், “சௌந்தரம் மேடம் பேசலையா சார்?” என்றார். சொன்னேன். எப்போது, எப்படி என்று விசாரித்தார். பிறகு அவர், “சரி, சொல்லுங்க சார். என்ன வேணும்?” என்றார்.

எந்த மாதம், எத்தனை பேர், எந்தத் தோட்டம், என்ன கூத்து என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.