ஆச்சு, ஆகலை

என் மருமகள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டை ஒரு கையில் ஏந்தி, அடுப்படி நிலையில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றபடிதான் சாப்பிடுவாள். "உக்காந்து சாப்பிடேம்மா, வீடு என்ன வளைவுல திரும்பப் போகுதா?" என்று கேட்டால், "உக்காந்தா இறங்காது அத்தை" என்பாள். அதற்குள் தட்டு காலியாகியிருக்கும்.

பல வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். இப்போது எங்கள் வார்டு உறுப்பினர். ஆனால் ஜெயித்த அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, ஊர் அவளைக் கூப்பிடுவது கண்டக்டரம்மா என்றுதான். பை தொங்கித் தொங்கி இடது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. அந்தத் தோல்பையை அவள் இன்னும் விடவில்லை. நகர்மன்றக் கூட்டத்துக்கும் அதை மாட்டிக்கொண்டுதான் போகிறாள். உள்ளே இருந்த டிக்கெட்டுக் கட்டுகள் போய், டார்ச் லைட்டும், பள்ளத்தைச் சுற்றி வட்டம் போடச் சாக்குக்கட்டியும், காயம் பட்டால் கட்டத் துணியும் வந்திருக்கின்றன. விசில் மட்டும் கழுத்தில்.

அவள் வேலை பார்த்த பஸ்ஸை ஓட்டியவன் என் மகன். முன்னால் இருந்து அவன் ஓட்ட, பின்னால் இருந்து இவள் விசில் அடிக்க, அது அப்படியே கல்யாணம் வரைக்கும் வந்து நின்றது. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். வீட்டிலும் அதே சட்டம்தான். தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிற ஆண்பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கிறான், சொல்லுங்கள் பார்ப்போம்.

மாதா மாதம் வார்டில் என்னென்ன வேலை நடந்தது என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும். மற்ற உறுப்பினர்கள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். எழுத்து தெரியாத எனக்கு நோட்டீஸும் ஒன்றுதான், வெறும் சுவரும் ஒன்றுதான். இவள் முதல் மாதம் வார்டு ஆபீசில் நாற்காலி போட்டுக் கூட்டம் வைத்தாள். நாலைந்து பேர் வந்தார்கள், அதிலும் பாதிப் பேர் ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள். அடுத்த மாதம் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்த் தொட்டி முனையில் போய் நின்று, பழைய குரலை எடுத்தாள்: "தொட்டி முனை, பூங்காத் தெரு, ஆலைத் தெரு, கால்வாய்ப் பாலம், அக்கரை! ஏறுறவங்க ஏறுங்க!"

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். நடந்துகொண்டே அறிக்கை. ஒவ்வொரு தெருவும் ஒரு ஸ்டாப். அந்தந்தத் தெருக்காரர்கள் அங்கங்கே ஏறலாம், தங்கள் கதையைக் கேட்டுவிட்டு இறங்கிக்கொள்ளலாம். மற்ற தலைவர்கள் கூட்டத்துக்கு முன்னால் நடப்பார்கள், இவள் பின்னால் வருவாள். கடைசி ஆள் நான், எனக்கும் பின்னால் அவள். முழங்கால் வலியோடு எதற்கு வருகிறாய் என்று மகன் மாதா மாதம் கேட்கிறான். அவன் கேட்பதை நிறுத்தட்டும், நான் நிறுத்த மாட்டேன்.

அறிக்கை என்றால் பெரிய பேச்செல்லாம் இல்லை. அவளிடம் இரண்டே வார்த்தைதான்: ஆச்சு, ஆகலை.

"தொட்டி முனை! குழாய் மாத்துறது ஆச்சு. மாடி வீட்டுக்குத் தண்ணி ஏறலை, அதனால அது ஆகலை. நாய்ங்களுக்கு ஊசி ஆச்சு. ஊசி போட வந்தவருக்கும் ஊசி போட்டாச்சு."

"கடிச்சதும் எங்க தெரு நாய்தான்" என்று பலசரக்குக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வார்.

"பூங்காத் தெரு! ரெண்டு தெருப் பசங்களும் பந்தடிக்க ஆளுக்கு ஒரு நாள்னு பிரிச்சு விட்டது ஆச்சு. டாக்டர் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டது ஆச்சு. உடைச்சது யாருன்னு கண்டுபிடிக்கிறது ஆகலை. சாயங்காலம் பெரியவங்க நடக்குற பாதையில சைக்கிள் ஓட்டாதீங்கன்னு சொன்னது ஆகலை, ஆகலை, ஆகவே இல்லை!"

ஒரு தடவை யாரோ, "வேலை நடந்துக்கிட்டிருக்குன்னு சொல்லலாம்ல கண்டக்டரம்மா?" என்று கேட்டார்.

"பஸ் வந்துக்கிட்டிருக்குன்னு சொன்னா, நிக்கிறவங்க அதுல ஏறிட முடியுமாண்ணே?"

அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை வாய் தவறினாள். கால்வாய்ப் பாலம் என்றேனே, அது இரும்புத் தகடு போட்ட நடைபாலம். அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், பெண்கள் துணி ஆலைக்கு வேலைக்குப் போவதும் அதன் வழியாகத்தான். மழை வெள்ளத்தில் மரம் ஒன்று அடித்து வந்து, நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குக் கைப்பிடிக் கம்பியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பா அந்த இடைவெளி வழியாகத் தண்ணீரில் விழுந்தது. டப்பாவோடு போச்சே என்று எல்லோரும் ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். இவள் படவில்லை. மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினாள். அடுத்த நடையில் அக்கரைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, "அடுத்த மாசம் ஆயிடும்" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் வந்தது. ஆகவில்லை. பணம் ஒதுக்கிக் கையெழுத்துப் போட வேண்டியவர் நகர்மன்றத் தலைவர், அவர் மேஜையில் அந்தக் காகிதம் தூங்கியது. அக்கரை ஸ்டாப்பில் "ஏறுறவங்க ஏறுங்க" என்று இவள் கூப்பிட்டாள். ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. தையல்காரி ஒருத்தி மட்டும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பஸ் வராத ஸ்டாப்புல எவ நிப்பா, கண்டக்டரம்மா?"

என் மருமகள் விசிலைக் கையில் பிடித்தபடி திரும்பி நடந்தாள். அன்று வீட்டுக்கு வந்து, கண்ணால் கண்டிராத அதிசயமாக, தரையில் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை.

நடையின் புகழ் அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. அதற்கடுத்த நடைக்குத் தானே வருவதாகத் தலைவரிடமிருந்து சேதி வந்தது. முதல் நாள் சாயங்காலம் அவருடைய உதவியாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அம்மா, ஆலைத் தெருவோட முடிச்சுக்குவோம். புது விளக்கு, நல்லா இருக்கு. காரை அங்கேயே நிறுத்திடறேன். பாலத்துப் பக்கம் இந்தத் தடவை வேண்டாம். பத்துப் பேருக்கு முன்னாடி அவரைச் சங்கடப்படுத்தினா காகிதம் இன்னும் அடியில போயிடும். நல்ல மூடுல இருக்கறப்ப நானே கேட்டு வாங்கித் தர்றேன்."

அவர் போனதும் என் மகன் தொடங்கினான். "அவர் சொல்றதும் சரிதானே? நான் எத்தனை ஸ்டாப்பை விட்டு ஓட்டியிருக்கேன். ஒரு ஸ்டாப்பை விட்டா குடி முழுகிடுமா?"

"நீங்க விட்டுட்டு முன்னாடி பாத்து ஓட்டிக்கிட்டே போயிடுவீங்க. நின்னவங்க ஓடி வந்து யாரைத் திட்டினாங்க? பின்னாடி நின்ன என்னைத்தானே?"

"திட்டு வாங்கினா வாங்கிக்க. கம்பி வந்துடும்ல?"

பாலத்துக்குப் போனால் கம்பி வராமல் போகலாம், போகாவிட்டால் அக்கரை இனி எந்த நாளும் ஏறாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? "காலையில எனக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சு விடு. பாலம் வரைக்கும் நடக்கணும்ல" என்றேன்.

மறுநாள் தலைவர் வந்தார். கனத்த உடம்பு, சிரித்த முகம். தொட்டி முனையிலும் பூங்காத் தெருவிலும் ஆச்சு, ஆகலை இரண்டையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே நடந்தார். ஆலைத் தெருவில் நல்ல கைதட்டல். "வேலை முடிஞ்சு இருட்டுல வர்றப்ப இனிமே செல்போன் வெளிச்சத்துல சேறு எங்கேன்னு தேட வேண்டாம்" என்று ஆலைப் பெண் ஒருத்தி சொன்னாள். "விளக்கு ஆச்சு!" என்றாள் இவள். உதவியாளர் கார்க் கதவைத் திறந்தார். தலைவர் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

பின்னாலிருந்து ஒரே ஒரு விசில்.

கூட்டம் நின்றது. தலைவரும் நின்றுவிட்டார். வாழ்நாளில் பஸ் ஏறிய கால் எதுவும் அந்தச் சத்தத்துக்கு நிற்காமல் போகாது.

"ஐயா, இன்னும் பாலம் ஸ்டாப் இருக்கு" என்றாள்.

தலைவர் காரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "நடக்குற தூரம்தானே?"

"நடக்குற தூரம்தான் ஐயா. தாண்டறப்பதான் கொஞ்சம் பாத்துத் தாண்டணும்."

அவர் சிரித்துவிட்டார். உதவியாளர் சிரிக்கவில்லை.

பாலத்தடியில் அவள் தலைவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அக்கரையைப் பார்த்து, தண்ணீரைத் தாண்டிக் கேட்கிற குரலில் சொன்னாள்: "கால்வாய்ப் பாலம்! கம்பி ஆகலை. முன்னாடி வந்தப்ப ஆயிடும்னு சொன்னேன். அது என் வாயில வரக் கூடாத வார்த்தை. திருப்பி எடுத்துக்கறேன். ஆகலை."

அவ்வளவுதான். யாரையும் குறை சொல்லவில்லை. பஸ் படிக்கட்டில் கூட்டம் பிதுங்கும்போது கண்டக்டர்கள் செய்வதைச் செய்தாள். பாலத்தின் நடுவில் போய், கம்பி இல்லாத இடைவெளிக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையால் ஒடிந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையைக் குறுக்கே நீட்டினாள். "உள்ள தள்ளி வாங்க, உள்ள தள்ளி! ஐயா, நீங்களும்தான்."

தலைவர் காலை வைத்ததும் தகடு முனகியது. பாதி தூரத்தில் அது ஒரு குலுங்கு குலுங்க, அவருடைய கை தானாகப் போய் அவள் கையைப் பற்றிக்கொண்டது. அந்தக் கை அசையவில்லை. அதைப் பிடித்தபடியே கடந்து போனார்.

அக்கரையில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளைங்க இதுலயா போகுது?"

"வேற எதுல, பறந்தா போகும்?" என்றாள் வாசலில் நின்ற தையல்காரி.

தலைவர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "அந்தக் காகிதம் எங்கய்யா?" பிறகு இவளிடம், "ஏம்மா, ஆச்சுன்னு சொல்லிக்க" என்றார்.

"பாத்துட்டுச் சொல்றேன் ஐயா."

எவ்வளவு திமிர் என்று அன்று சிலர் பேசினார்கள். என் காதிலும் விழுந்தது. என் மருமகள் அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமைதான். பெருமைப்பட எனக்கு யார் அனுமதி வேண்டும்?

அடுத்த நடைக்குத் தலைவர் வரவில்லை. கம்பி வந்திருந்தது. பச்சைப் பெயின்ட் வாசனை இன்னும் போகாமல் இருந்தது. இவள் முதலில் தனியாகப் பாலத்தில் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். இடுப்பால் ஓர் இடி இடித்தாள். மேலே ஏறி உட்காரப் போகிறாளோ என்று பயந்துபோன என் மகன், "போதும்டி!" என்று கத்தினான். அதற்குப் பிறகுதான் அக்கரையைப் பார்த்துச் சொன்னாள்: "ஆச்சு!"

அங்கே கதவுகள் திறந்தன. தையல்காரி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே இறங்கி வந்தாள். "எனக்கு ஜன்னல் ஓர சீட்டு குடு, கண்டக்டரம்மா" என்றாள். பின்னாலேயே அக்கரைத் தெருவே வந்தது. இக்கரை அங்கேயும் அக்கரை இங்கேயுமாகப் பாலம் நிறைந்து போனது.

எல்லோரும் கம்பியைத் தடவிக்கொண்டே கடந்தார்கள். பெயின்ட் ஒட்டிய கையை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். வழக்கம்போல நான் கடைசி. நடுப்பாலத்துக்கு வந்து பார்க்கிறேன், முன்பு இடைவெளி இருந்த அதே இடத்தில், புதுக் கம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் மருமகள் நின்றிருந்தாள். கூட்டம் முழுவதும் கடந்து போயிருந்தது. அவள் கை மட்டும் இன்னும் குறுக்கே நீண்டிருந்தது.

"உள்ள தள்ளி வாங்க அத்தை" என்றாள்.