மாப்பிள்ளை விசாரிக்க லா ஷப்பல் போனேன்

எண்பதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா எழுதியிருந்தார்: தங்கை வதனிக்குப் பாரிஸில் ஒரு வரன் வந்திருக்கிறது, பெயர் யோகன், உணவகத்தில் வேலை, நீ போய் விசாரித்து எழுது. என் சொல்லை நம்பித்தான் அவள் விமானம் ஏறப் போகிறாள். பிடிக்கவில்லை என்று திரும்பிப் போகிற நிலைமையில் ஊர் இல்லை.

நான் அப்போது ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்தேன். பாரிஸ் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். சனி காலை 7.10 ரயில், நாலு மணி நேரம், போக 220 பிராங். கார் து லெஸ்த் நிலையத்தில் இறங்கினால் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்கு மெத்ரோ தேவையில்லை, வடக்கே இருபது நிமிட நடைதான். வழியில் லூயி-பிளாங் தெருவில் கறிவாசம் அடித்ததும் கால் தானாக நின்றுவிட்டது. சோறும் மீன்குழம்பும் 25 பிராங்.

சாப்பிட்டபடியே விசாரணையைத் தொடங்கினேன். பரிமாறியவர், "யோகனோ? தங்கமான பொடியன்" என்றார். இருவரும் ஒரே ஊராம். பக்கத்து மேசைக்காரர், "தலைக்கனம் பிடிச்சவன், ஒருத்தரோடையும் கதைக்க மாட்டான்" என்றார். அவர்களுக்குள் என்ன தகராறோ. ஒரு மணி நேரத்தில் நாலு பேரைக் கேட்டு நாலு யோகன்களைச் சேர்த்துக்கொண்டேன்.

சரி, கூட இருந்தே பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். அங்கேதான் என் கோணல் புத்தி வேலை செய்தது. கடையில் விலாசம் கேட்டு, யோகனின் ஆறாம் மாடி அறைக்கு ஏறிப் போய் (லிஃப்ட் கிடையாது, 104 படிகள்), வேலை தேடி வந்திருக்கிறேன், மூன்று நாள் தங்க இடம் வேண்டும் என்று புளுகினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓம், இருங்கோ அண்ணை." அறையில் நாலு பேர், கட்டில் இரண்டு. தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டுத் தரையில் படுத்தார்.

ஞாயிறு, அவர் வேலைக்குப் போன நேரம் தவிர, முழுக்கக் கவனித்தேன். குறட்டை உண்டு. பருப்பில் உப்பு தாராளம். பேச்சு குறைவு, அந்த மட்டில் பக்கத்து மேசைக்காரர் சொன்னது உண்மை. யாரோ கழுவாமல் விட்ட சட்டியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தானே கழுவினார்.

திங்கள் அவருக்கு வாரத்தில் ஒரே விடுமுறை. காலை எட்டு மணிக்கு, "வாங்கோ அண்ணை, உங்களுக்கு வேலை பாப்பம்" என்றார். மழையில் உணவகம் உணவகமாகப் பின்கதவைத் தட்டி, எனக்காகப் பிரெஞ்சில் கெஞ்சினார். மூன்று இடத்தில் இல்லை. நாலாவது இடத்தில் சமையல்காரர் என் கைகளைப் பார்த்துவிட்டு, நாளை ஒன்பதுக்குப் பாத்திரம் கழுவ வரச் சொன்னார். யோகன் சந்தோஷமாக என் முதுகில் தட்டினார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றார். "தங்கச்சியின்ரை படம் என்னட்டை இருக்கு. உங்களுக்கும் அதே மூக்கு."

"பிறகேன் மழைக்குள்ளை என்னோடை அலைஞ்சனீங்கள்?"

"எந்தக் கடையிலை உண்மையைச் சொல்லுவியள் எண்டு பாத்தன். முதல் கடையிலையே சொல்லுவியள் எண்டு நினைச்சன்." அவர் சிரிக்கவில்லை. "ஒண்டு கேக்கிறன் அண்ணை. தங்கச்சியும் இப்பிடியோ?"

அவரை எடைபோட வந்தவன், என் தங்கையின் சம்பந்தத்தையே கெடுத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். "இல்லை. அவள் எதையும் முகத்துக்கு நேரை கேப்பாள்" என்றேன்.

"அப்ப அவவையே என்னட்டைக் கேக்கச் சொல்லுங்கோ."

அந்த வேலைக்கு அவருடைய அறைத்தோழர் ஒருவர் போனார். நான் மாலை ரயில் பிடித்தேன்.

இப்படி ஒரு காரியமாகப் போகிறவர்களுக்கு: கடைகளில் சாப்பிடுங்கள், விசாரிக்காதீர்கள். குறைந்தது இரண்டு நாள் கூடத் தங்குங்கள். வந்த காரணத்தை அந்த 104 படிகளில் ஏறுமுன்பே தயார் செய்துகொண்டு, கதவு திறந்ததும் சொல்லிவிடுங்கள்.

நடந்ததை, என் புளுகு உட்பட, வதனிக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது: "அண்ணா, நீங்கள் விசாரித்தது போதும். அவருடைய விலாசத்தை எனக்கு அனுப்புங்கள்."

எட்டு மாதம் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் அவள் விமானம் ஏறினாள். என் சொல்லை நம்பி ஏறவில்லை.