எங்க நைனா தவறிட்டாரு

டீசலில் கை கழுவும் வாசனை. தண்டையார்பேட்டைப் பட்டறைகளைக் கடக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறும். ஏறியதும் நைனா வருவார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு, முழங்கை வரை கிரீசோடு. இப்போதெல்லாம் அவருக்குப் பின்னாலேயே வெட்கமும் வருகிறது.

நைனா என் அப்பா இல்லை. பக்கத்துப் போர்ஷன்காரர், அப்பாவின் தோஸ்து. அப்பாவைத்தான் அவர் பிள்ளைகள் நைனா என்றார்கள், நானும் அவரை நைனா என்றேன். என் அப்பாவை அப்பா என்றேன். எங்கள் தெருவில் இதில் யாருக்கும் குழப்பமில்லை.

தலை நரைத்த பிறகு அஞ்சல்வழியில் எம்.ஏ. சேர்ந்திருந்தேன். கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி. அதை எழுதினால் பதவி உயர்வு. தேர்வுக்குக் கிளம்பிய காலையில் நைனாவுக்கு நெஞ்சுவலி. அவர் பிள்ளைகள் வெளியூரில். ஆம்புலன்சில் நான்தான் ஏறினேன். மதியம் அவர் போய்விட்டார், பரீட்சையும் போய்விட்டது.

தக்க காரணம் இருந்தால் மறுதேர்வு உண்டு என்றார்கள். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அப்பாவும் கூட வந்தார். "நானும் ஒரு வார்த்த சொல்றேன், வா." விண்ணப்பத்தில் 'இறந்தவர் உறவுமுறை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் காலியாக விட்டிருந்தேன்.

"யாரு தவறினது?" என்று கேட்டார் கவுண்டர் அம்மா.

"எங்க நைனாங்க."

அவர் நிமிர்ந்தார். குரல் இளகியது. "அப்பாவா? அடடா." அவரே எழுதினார்: தந்தை. "சொந்த ரத்தம்னாதான் சார் குடுப்பாங்க. உங்களுக்குக் கெடச்சிரும்."

நான் வாய் திறக்கவில்லை. மை காய்ந்துகொண்டிருந்தது, அப்பாவின் பீடி மூச்சு என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது, அப்போதும் திறக்கவில்லை.

"பெரியவரு யாரு?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவை. "நானா? சும்மா கூட வந்துகீறேம்மா. தெர்ஞ்சவன்."

தாளைத் திரும்ப வாங்கி, தந்தையை அடித்தேன். மேலே நைனா என்று எழுதவா முடியும்? பக்கத்து வீட்டுக்காரர் என்று எழுதினேன். அதற்கும் கை கூசியது. உயிரோடு இருப்பவரைக் கொன்றாயிற்று. இப்போது செத்தவரை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டேன்.

"பக்கத்து வீட்டுக்கெல்லாம் வராது சார்." தாள் என் பக்கமே நகர்ந்து வந்தது.

பஸ் நிறுத்தத்தில் அப்பா எரிந்து விழுந்தார். "ஏண்டா அடிச்ச? கம்முனு வுட்டிருந்தா கெட்ச்சிருக்குமே."

"நீ உயிரோட கீறியேப்பா."

"அது எனக்குத் தெர்யாதா? பேமானி."

திருவொற்றியூர் பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஏறியவர், படியிலிருந்தே திரும்பினார்.

"நா போறப்ப, பரிச்ச இல்லாத நாளா பாத்துப் போறேன். நீ ஆபீசுக்குக் கெளம்பு."