பிரேக் விளக்கைப் பார்க்க ஆளில்லை

நானும் மனைவியும் ஊர் சுற்ற ஆசைப்பட்டு வாங்கிய, படுக்கை வசதியுள்ள கேம்பர் டிரெய்லரை, அவள் இறந்த பிறகு மைசூர் வீட்டு வாசலில் நானே ஜீப்போடு இணைத்து வயரிங் செய்தேன். இண்டிகேட்டரை எரியவிட்டு, இறங்கிப் போய்ப் பார்த்தேன். பிரேக் விளக்கு மட்டும் பெடலை மிதித்தால்தான் எரியும். பின்னால் நின்று "எரியுதுங்க" என்று குரல் கொடுக்க அவள் இல்லை. பக்கத்து வீட்டாரைக் கூப்பிடக் கூச்சம். எரியும் என்று நம்பிக் கிளம்பிவிட்டேன்.

கொள்ளேகால் அருகே மாடு குறுக்கே வர, பிரேக் போட்டேன். பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டு, இடிக்காத குறையாக நின்றது.

"ஏனுங்க, பிரேக் லைட்டே எரியலீங்களே! ஆரையாச்சும் பின்னால நிக்க வெச்சுப் பாக்கக் கூடாதுங்களா?" என்றார் டிரைவர்.

இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன், வெளிச்சம் மங்கியதும் டிரெய்லரின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்திப் பெடலை மிதிக்கிறேன். சுவரில் விழும் சிவப்பு, சைடு கண்ணாடியில் தெரியும். "எரியுதுங்க" என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.